முகம் எந்தப் பக்கம்

பிலூ தீவில் மீ குன் வலையைக் காயப்போட்டிருந்தாள்.
இருபத்திரண்டு ஈயக்குண்டுகள்.
இருபத்துமூன்றாவது மட்டும் தட்டையாக, துருவாக,
நடுவில் ஆப்பு வடிவத் துளையோடு.
தராசு பழுதுபார்க்கப் போனவன் நான்.
முள்ளைச் சரிசெய்து நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது.

"விலை சொல்" என்றேன்.
"எடைக்கு எடை ஈயம்" என்றாள்.
அதே தராசில் நிறுத்தோம்.
வீசையில் நூற்றுக்கு ஆறு பங்கு.
கிலோ வந்தும் இங்கே வீசை போகவில்லை;
நம் சொல் இன்னும் மீன் நிறுத்துப் பிழைக்கிறது.
ஈயம் துருப்பிடிக்காது, நல்ல முட்டாள் அகப்பட்டான் என்று
மருமகளிடம் அவள் மோன் மொழியில் சொன்னது
எனக்குப் புரிந்தது.
சிரிக்காமல் படகேறினேன்.

மோல்மேன் கீழ்ச்சந்தையில் என் கடை.
மூன்றாவது இழுப்பறையில் ஏற்கெனவே பதினொன்று.
ஒன்றில் இரண்டு கொக்குகள்,
ஒரு கொக்கின் கழுத்தைப் பானை ஓட்டை அடைக்க
யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள்.
வாள்கள் எனக்கு வேண்டாம்.
அவற்றைச் சரணடைந்த அன்றே எண்ணி வாங்கிக்கொண்டார்களாம்;
எண்ணிக்கைக்கு வராதவன் காட்டில் கிடந்தான்,
அவனுடையதை யார் யாரோ
கழற்றி, பிரித்து, வளைத்து, உழுது தீர்த்தார்கள்.
பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருந்த இந்தத் தட்டுதான்
எதற்கும் உதவாமல் மிஞ்சியது.

பாங்காக்கிலிருந்து போலிகள் வரும்.
நகத்தால் சுண்டினால் போதும்.
வார்ப்பு, தொண்டை கட்டியவன்போல் பேசும்.
அடித்த இரும்பு
கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிறுத்தும்.

"யார் கைக்கு இந்தக் காப்பு?" என்பாள் அஞ்சுகம்.
"இரும்புக் காப்பு சனிக்கு நல்லதுதான்,
கை நுழைய வேண்டாமா?"

ஆனி பிறந்தால் இந்த ஊரில் சுவரே வியர்க்கும்.
ஆட்டெலும்பைச் சீவி வைத்துக்கொண்டு
ஐப்பசி வரைக்கும் உரசினேன்.
சிவப்புத் துரு நோய், கறுப்புத் துரு தோல்;
நோயை எடுக்கிற அவசரத்தில் தோலை உரித்துவிடக் கூடாது.
ஒரு பக்கம் தும்பி வந்தது,
ஒற்றைச் சிறகோடு. மற்றதை உப்பு தின்றிருந்தது.
மறுபக்கம் சுத்தியல் தழும்புகள்,
கீழே ஓரமாய் ஒரு புல்.
துளையைச் சுற்றி உளிக்கொத்து மூன்று வரிசை:
மூன்று வாள்களுக்கு இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

போன வருடம் கடைக்கு வந்து
படமெடுத்துப் போன தனாபே
கனசாவாவிலிருந்து கடிதம் எழுதினார்,
மிகுந்த மரியாதையோடு.
எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள்.
முகம் என்பது பிடியைப் பார்க்கிற பக்கம்.
செய்தவன் பெயரும் நல்ல வேலைப்பாடும் அங்கேதான்.
அலகின் பக்கம் இருப்பது முதுகு.

பத்தொன்பது வருடம்.
பெயரை மறைத்து வைப்பது அவர்கள் பணிவு என்று
வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன்.
எதிரே நிற்பவனுக்குத் தெரிவதுதான் முகமென்று
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
வாளுக்கு எதிரே அல்லாமல்
வேறெங்கும் நிற்கலாம் என்பது
எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

தான்பியூசயாட் ரயில்பாதைக்கு இழுத்துப்போய்
திரும்பிவந்த பெரியப்பா ஒண்டிமுத்து
அதைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வரி.
யாரோ கேட்டதற்கு, சோற்றைப் பிசைந்துகொண்டே:
"அதுல ஒரு புல்லு செதுக்கியிருந்துச்சு."

அதே வாளாக இருக்காது.
புல் எல்லாவற்றிலும் செதுக்குவார்கள்,
தனாபேயைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்.
கேட்கவில்லை.

இழுப்பறையைத் திறந்து
பதினொன்றையும் புரட்டி வைத்தேன்.
கொக்குகள், ஒரு சக்கரம், பெயர்கள்,
எனக்குப் படிக்கத் தெரியாத பெயர்கள்
முதல்முறையாக மேலே பார்த்தன.

தேநீரோடு வந்த அஞ்சுகம் எட்டிப் பார்த்தாள்.
"ஒன்னை மறந்துட்டீங்க."

"ஆமா" என்று
இழுப்பறையைச் சாத்தினேன்.